தாயம்மாவைப் பிடித்துக்கொண்ட துருநோய்

1987 தை மாதம் எட்டாம் தேதி முதல் நூம்பல் கிராமத்துத் தாயம்மாவின் தலைக்கு மேல், ஒரு முழ உயரத்தில், கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு காவி நிற மேகம் நின்றது. அவள் நடந்தால் அதுவும் நடந்தது. ஐயப்பன்தாங்கல் பேருந்தில் அவள் ஏறினால் அதுவும் ஏறியது. கண்டக்டர் சீட்டு கேட்கவில்லை, உள்ளே தள்ளி நிற்கச் சொன்னதோடு சரி.

மேகம் வந்த வழி இதுதான். ஊருக்கு மேற்கே ஒன்றரை ஏக்கரில் ஒரு கோதுமைச் சோதனை வயல் இருந்தது. நம் வெயிலுக்கும் கோதுமைக்கும் ஏழாம் பொருத்தம். இங்கே துருநோயைத் தாங்குகிற ரகம் எங்கேயும் தாங்கும் என்பது வயல் அதிகாரி இராமகிருஷ்ணனின் கட்சி. துரு விழுந்தால் இலையெல்லாம் காவிக் கொப்புளம் கிளம்பும், தொட்டால் தூள் ஒட்டும், மணி சூம்பிப்போகும். தாயம்மாவுக்குப் பூந்தமல்லித் தோட்டங்களில் மல்லி மொட்டுப் பறித்துத் தேறிய விரல்கள். கோதுமைப் பூவைத் திறந்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் கிள்ளியெடுத்து, வேறு ரகத்து மகரந்தத்தைத் தூவி, காகித உறை மாட்டுவதில் அவளை அடிக்க ஆளில்லை. அப்படி அவள் கைபட்டுப் பிறந்து, ஆறு பருவம் பொறுக்கியெடுத்த ரகம் இருபத்து மூன்றாம் வரிசையில் நின்றது. அதை அவள் ‘எம் பொண்ணு’ என்பாள். இந்தப் பருவமும் முடிவு தெரியாவிட்டால் வயலை மனைகளாகப் போட்டுவிடுவதென்று மேலிடம் எழுதிவிட்டது.

கடைசிச் சோதனைக்காக அந்த ஆண்டுதான் வயலைச் சுற்றி ஒரு நோஞ்சான் ரகத்தை விதைத்தார்கள். அதில் துரு ஏறி, காற்றில் பறந்து, மற்ற வரிசைகளைப் பதம் பார்க்க வேண்டும். இதைக் கூலியாட்களிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. களையெடுக்கப் போன தாயம்மா துருவைப் பார்த்துப் பதறி, நான்கு பக்கமும் பிடுங்கி, வரப்பில் குவித்துக் கொளுத்தினாள். தீப் பற்றுவதற்குள் துரு எழும்பி அவள் தலைக்கு மேல் போய் நின்றுகொண்டது. வயலில் ஒரு பொட்டுத் தூள் மிச்சமில்லை.

இராமகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “நோய் வரணும்னுதாம்மா விதைச்சோம்!”

“நோவு வந்த பயிரப் புடுங்காம, பாத்துகினா நிப்பாங்க சார்?” என்றாள் தாயம்மா.

கோபத்தில் அவளை வேலையைவிட்டு நிறுத்தினார். அவள் போனாள், சோதனைக்கு வேண்டிய துருவும் கூடவே போனது. மனுஷனுக்கு அது மறுநாள்தான் உறைத்தது. ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“நேத்து போன்னீங்கோ, இன்னிக்கு வான்றீங்கோ. இந்தத் தூள வயலெல்லாம் இட்டுகினு நடக்கணுமா? எம் பொண்ணு மேலயுமா?”

“அது மேலதாம்மா முக்கியமா.” அவர் குரல் இறங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து தாயம்மா வரிசை வரிசையாக நடந்தாள். ஊரே வேலையைப் போட்டுவிட்டு வரப்பில் கூடியது. அவள் போன இடமெல்லாம் மேகம் தூளைச் சிந்தியது. பத்து நாளில் நாற்பது வரிசையில் முப்பத்தொன்பது காவியாகிவிட்டது. இருபத்து மூன்றை மட்டும் அவள் சுற்றிக்கொண்டு போனாள். யாரும் வற்புறுத்தவில்லை. பதினோராம் நாள் காலை, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாய்விட்டு அழுதபடி அதற்குள்ளும் இறங்கினாள். மேகம் அத்தனையும் சரிந்து அந்த வரிசையை மூடியது. ஒன்பது நாள் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. தாயம்மா வரப்பைவிட்டு நகரவில்லை, சோறும் அங்கேயேதான்.

பத்தாம் நாள் மேகம் எழும்பியது. பாதியாக இளைத்திருந்தது.

“பச்ச! பச்ச கீது சார்! ஒரு புள்ளி இல்ல, வந்து பாருங்கோ!”

அவள் போட்ட கூச்சல் வேலப்பன்சாவடி வரை கேட்டது. இராமகிருஷ்ணன் செருப்பில்லாமல் ஓடிவந்து சேற்றில் விழுந்தார். எழுந்திருக்கத் தோன்றாமல் விழுந்த இடத்திலிருந்தே இலைகளை எண்ணினார். கன்னியப்பன் என்கிற பால்காரன் விசிலடித்தே தொண்டை கட்டிக்கொண்டான். விதை அந்த மாசியிலேயே மூட்டையாகி வடக்கே ரயிலேறியது. வயல் வயலாகவே நின்றது.

மேகம் தாயம்மாவோடு வீட்டுக்குப் போனது. 1993-ல் அவள் வீட்டுக்குப் பக்கத்து நிலங்கள் மனைகளானபோது, கிரயப் பத்திரங்களின் நான்கெல்லையில் ‘வடக்கே தாயம்மா வீடும் மேகமும்’ என்று எழுதினார்கள். பதிவு அலுவலகத்தில் படித்துப் பார்த்து முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.