இரண்டு பொய்யில் சேர்ந்த கரண்ட்

பண்டார் பாரு கடைத்தெருவில் ஷீலாவின் சலூனுக்கு இடப்பக்கம் பக்கிரிசாமியின் மசாலா மில், வலப்பக்கம் யஹ்யாவின் சாப்பாட்டுக் கடை. கரண்ட் பில் வரும் நாளில் மட்டும் மூன்று பேருக்கும் ஒரே வாடிய முகம்.

ஒருநாள் சோலார் கம்பெனிக்காரர் ஒருவர் முடிவெட்ட வந்தார். "தனித்தனியா வாங்குனா விலை குறையாதுங்க. கடைங்க, பின்னால உள்ள வீடுங்க எல்லாரும் ஒரே கூட்டா கரண்ட் வாங்குங்க. கடைக் கூரையிலேயே சோலார் போட்டு, குறைஞ்ச விலைக்குத் தர்றோம்" என்றார்.

ஷீலா விடவில்லை. கத்தரிக்கோலும் கையுமாகவே ஆள் சேர்த்தாள். தலை அவள் கையில் இருக்கும்போது யார்தான் மறுப்பார்கள்? பின் சந்து வீடுகள் மொத்தமும் சம்மதித்தன. ஆனால் கம்பெனிக்கு அது போதவில்லை. பகலெல்லாம் ஓடும் மில்லும், ஓயாமல் உறுமும் சாப்பாட்டுக் கடை ஃப்ரீசர்களும் சேர்ந்தால்தான் அந்த விலை.

அங்கேதான் சிக்கல். "பக்கிரிசாமி மிளகாய்த்தூள்ல கலர் இருக்கு, காரம் இல்லை" என்று யஹ்யா யாரிடமோ சொல்லப்போக, அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

"அந்த பாய் இருக்கிற கூட்டுல நான் இல்லம்மா" என்றார் பக்கிரிசாமி.

"அவரு வந்தா நான் வரமாட்டேன் லா" என்றார் யஹ்யா.

ஷீலா யோசித்தாள். மறுநாள் மில்லுக்குப் போனாள். "அண்ணே, 'பக்கிரிசாமி இல்லாத கூட்டு ஒரு கூட்டா'ன்னு பாய் கேட்டாரு." பக்கிரிசாமியின் மீசை லேசாக அசைந்தது. அப்படியே யஹ்யாவிடம் போனாள். "பாய், 'யஹ்யா வந்தாத்தான் இது நடக்கும்'னு அண்ணன் சொன்னாரு." யஹ்யா அவளுக்கு ஒரு தே தாரிக் டீயைக் காசு வாங்காமல் கொடுத்தார்.

கூட்டம் யஹ்யாவின் கடையில் நடந்தது. பக்கிரிசாமி சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"நீங்க அவ்வளவு தூரம் சொன்னதாலதான் வந்தேன் பாய்."

"நானா? நீங்க சொன்னதாலதானே நான் ஒத்துக்கிட்டேன்!"

இருவரும் மெதுவாகத் திரும்பி ஷீலாவைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சிவந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தாள். வாசலில் பின் சந்து ஆட்கள் நெருக்கி நின்றார்கள்.

முதலில் சிரித்தது பக்கிரிசாமிதான். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுவாங்க. இந்தப் பொண்ணு ரெண்டே பொய்யில முடிச்சிருக்கு பாருங்க!"

யஹ்யாவும் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "இவளையே தலைவியாப் போடுங்க. கம்பெனிக்காரன்கிட்ட பேரம் பேச இந்த வாய்தான் சரி."

ஷீலா மறுத்தாள். யாரும் கேட்கவில்லை.

பேரம் இழுத்தது. கடைசியில் கம்பெனிக்காரர் முதலில் சொன்னதைவிடவும் விலையைக் குறைத்துக்கொண்டு, வியர்வையைத் துடைத்தபடி கையெழுத்துப் போட்டார்.

கூரைகளில் தகடுகள் ஏறின. இணைப்பு கொடுத்த அன்று காலை பக்கிரிசாமி மில்லை ஓட்டினார். யஹ்யா வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்ன பாய், காரம் தெரியுதா?" என்று கத்தினார் பக்கிரிசாமி.

யஹ்யா பதில் சொல்ல வாய் திறந்தார். தும்மல்தான் வந்தது.