எண்ணெய்த் துணிகள்

தேக்குக் கிண்ணத்துக்குக் கெமிரிக் கொட்டை எண்ணெய் பூசுவதில் ஜெப்பாரா ஊரில் சுதார்மியை மிஞ்ச ஆளில்லை. பூசி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுத்தாள் என்றால் மரத்தின் ரேகை பளிச்சென்று தெரியும். துடைத்த துணியைத்தான் சும்மா விடக்கூடாது. குவித்துப் போட்டால் எண்ணெய் காயும் சூட்டில் தானாகவே பற்றிக்கொள்ளும். ஒவ்வொன்றாகக் கொடியில் விரிக்க வேண்டும். பதினாறு வருடத்தில் அவள் ஒருநாளும் தவறியதில்லை.

அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பாழாய்ப்போன மழைக்கு வேறு நேரமே கிடைக்கவில்லை. அப்போதுதான் விரித்த துணிகளை வாரிச் சுருட்டி, பட்டறை மூலையிலிருந்த மரத்தூள் சாக்கில் திணித்துவிட்டுச் சமையலுக்கு ஓடினாள். அப்புறம் மறந்தே போனாள். மதியம் லுஹர் தொழுதுவிட்டு மாமனார் காசான் வழக்கம்போலப் பட்டறையில் தலைசாய்த்தார். அவரைக் கரியாகத்தான் வெளியே எடுத்தார்கள்.

இன்று ஏழாம் நாள். யாசீன் ஓதி முடித்து, சோற்றுப் பொட்டலங்களோடு ஊர்க்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். கணவன் ருக்கான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். தீப்பிடித்த அன்று காலை அவன் பட்டறையில் பிடித்த கிராம்பு சிகரெட்தான் வினை என்று ஊரே சொல்கிறது. அவனும் நம்புகிறான். தீ சாக்கு மூலையிலிருந்து கிளம்பியதை சுதார்மி மட்டும்தான் பார்த்தாள். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி என்றைக்கும் வாய் வராது என்று அவளுக்குப் பட்டது.

"ஒண்ணு சொல்லணுங்க."

"சாப்பிடச் சொல்லாத, தார்மி."

"அதில்லங்க. நீங்க ஒண்ணும் பண்ணல. அன்னைக்கு மழையில..."

"ஆறுதலா? வேணாம். பெத்தவர எரிச்சவன் நான்." அவன் குரல் உடைந்தது. "வேற எவனாவது பண்ணியிருந்தா, அல்லா மேல ஆணையா, சாகுற வரைக்கும் அந்த மூஞ்சில முழிக்க மாட்டேன். அது நானாப் போயிட்டேனே. என்னை விட்டு நான் எங்க போவேன்?"

இந்த மனிதனை விட்டால் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் உலகத்தில் யாருமில்லை. அவன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"நீதான முதல்ல ஓடிப் போயிப் பாத்த? பொய் சொல்லாம சொல்லு. என் சிகரெட்தானே?"

உள்ளே பிள்ளைகள் யாரோ தட்டைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

"ஆமாங்க," என்றாள் சுதார்மி.