ஆர்ச் தாண்டும் முன்

“பாப்பா, உனக்கு எப்பவாச்சும் நெஞ்சுக்குள்ள ட்ரம்ஸ் அடிச்சிருக்கா?”

புதுச்சேரியில் ராக் கச்சேரி பார்த்துவிட்டு விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கிய அண்ணன் நிலவன், கட்டிப்போன தொண்டையோடு கேட்டான். மேடைக்கு முன்னால் நின்றால் சத்தம் காது வழியாக வராதாம். தரையிலிருந்து ஏறி விலா எலும்பைப் பிடித்து உலுக்குமாம். “அடுத்த தடவ உன்னையும் கூட்டிட்டுப் போறேன்” என்றான். பத்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு, கடைக்குப் போகவே கூசிக்கொண்டிருந்த புவனா தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குள் அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது.

இன்று குவார்ட்டர்ஸ் கூடத்தில், ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படியும் ஈரத்தை அவள் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க அவன் முகம் தெரிந்தது; மறுபடியும் மங்கியது.

வாசலில் மந்தாரக்குப்பத்து மேளக்காரர்கள் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சியிருந்தார்கள். அடிக்கத்தான் விடவில்லை.

“பக்கத்து வீட்டு வெள்ளைச்சாமி நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து படுத்திருக்காரு. பிளாக்ல பாதிப் பேரு அப்படித்தான். டவுன்ஷிப் ஆர்ச் தாண்டினதும் அடிச்சிக்கோங்க” என்றார் அப்பா சிங்காரவேல்.

“சூடு ஆறிட்டா தோலு தொய்ஞ்சிடுங்க” என்றார் மேளக்காரர்களில் மூத்தவரான குமரவேல். “சும்மா குந்திகினு இருக்கவா எங்கள கூப்ட்டீங்க?”

“ஷிப்ட்டுக்காரன் தூக்கத்தக் கெடுக்கக் கூடாதுப்பா. நாளைக்கும் அவங்க மூஞ்சிலதான முழிக்கணும்.”

இந்தப் பிளாக்கில் ஒரு வீட்டுக்குப் பகல் என்றால் பக்கத்து வீட்டுக்கு அது ராத்திரி. பாட்டுச் சத்தம் கொஞ்சம் கூடினாலும் வெள்ளைச்சாமி சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். “நம்ம பேண்டுல அவரு மட்டும்தான் லைவ்” என்று நிலவன் சிரித்துவிட்டு, இயர்போனின் ஒரு முனையை அவள் காதில் செருகுவான். அவளுக்கு எல்லாப் பாட்டும் பாதி பாதியாகத்தான் வந்து சேர்ந்தது.

டயாலிசிஸ் நாட்களில் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் வரும் செய்திகளை அவள் வாசிப்பாள். எந்தக் குழுவில் யார் பிரிந்தார்கள், யார் வீட்டு மாடியிலேயே பதிவு செய்து பாட்டு வெளியிட்டார்கள் என்று. அவனுக்கு உயிர் ‘ஈரச்சுவர்’ என்ற குழு. அதில் புதிதாக பேஸ் கிடார்காரன் சேர்ந்த செய்தியை வாசித்தபோது, கண்ணை மூடிக்கொண்டே, “நிக்க மாட்டான் பாரு” என்றான்.

மடியிலிருந்த போன் அதிர்ந்தது. ‘ஈரச்சுவர் அடுத்த மாதம் புதுச்சேரியில்.’

“அண்ணா...” என்று பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அத்தை அம்சவல்லி நிமிர்ந்து பார்த்தாள். “என்னடி?”

“ஒண்ணுமில்ல.”

குளிப்பாட்டி, மாலை போட்டு, பாடையில் கிடத்தினார்கள். நான்கு பேர் தூக்கினார்கள். அத்தை புவனாவின் தோளைப் பிடித்தாள். “பொம்பளைங்க கேட்டோட நின்னுக்கணும்.”

ஆர்ச் இங்கிருந்து நான்கு தெரு தள்ளி. அதைத் தாண்டி அடித்தால் இவளுக்கு எங்கே கேட்கும்?

அத்தையின் கையை விலக்கிக்கொண்டு மேளக்காரர்களிடம் போனாள்.

“அடிங்க.”

“என்னம்மா?”

“இங்கயே அடிங்க. அவன் வூட்டுக்குள்ள ஒரு நாளும் சத்தமா கேட்டதில்ல.”

“புவனா!” என்றார் அப்பா. இத்தனை பேர் நடுவில் அவள் குரலை அவர் கேட்டதே இல்லை. குமரவேல் அவர் முகத்தைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

முதல் அடி அவள் காதுக்கு வரவில்லை. உள்ளங்காலில் பட்டு, முழங்கால் ஏறி, விலாவைப் பிடித்தது. அவள் இரும்புக் கேட்டைப் பற்றினாள். அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. லுங்கியும் பனியனுமாக, சிவந்த கண்களோடு வெள்ளைச்சாமி வெளியே வந்தார். பறை நின்றது.

அப்பா கை கூப்பினார். “மன்னிச்சுக்கப்பா... சின்னப் பொண்ணு, தெரியாம...”

வெள்ளைச்சாமி அவரைப் பார்க்கவில்லை. நின்றுபோன குச்சிகளைப் பார்த்தார். குமரவேலிடம் மோவாயை அசைத்தார்.

பறை மறுபடி எழுந்தது.

வெள்ளைச்சாமி கொடியில் கிடந்த துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். முன்பக்கம் தூக்கியிருந்தவரை விலக்கிவிட்டு, அந்த இடத்தில் தோளைக் கொடுத்தார். செருப்பில்லாத காலோடு, அந்தச் சத்தத்துக்குள் நடந்துபோனார்.