கிளாசுக்குள் மூக்கு

ஒயின் புத்தகத்துக்கு அனுசுயா பழுப்புக் காகித அட்டை போட்டு, மேலே 'டிரெய்னிங்' என்று எழுதி ஒரு லேபிளும் ஒட்டியிருந்தாள். வேறு என்ன செய்வாள்? திருநின்றவூரில் ரயில் ஏறி, பெண்கள் பெட்டியில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பெரிதாக பாட்டில் படம் போட்ட புத்தகத்தை விரித்தால் பட்டாபிராம் தாண்டுவதற்குள் ஊரெல்லாம் சேதி பரவிவிடும். அதுவும் லோகநாதன் பெண்டாட்டி கையில் பாட்டில் படம் என்றால் கேட்கவே வேண்டாம்.

லோகநாதன் பாடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறான். ஒரு காலத்தில் சம்பளம் வாங்கிய கையோடு கடைக்குள் போனவன், வெளியே வரும்போது செருப்புகூட இல்லாமல் வந்தவன். ஒருநாள் அவனாகவே வெட்கப்பட்டு, இனி குடிப்பதில்லை என்று அம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டான். அவன் மட்டும் கட்டினால் துணைக்கு ஆள் வேண்டாமா என்று, பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு தொடாத அனுசுயாவும் கையை நீட்டினாள். பூசாரியே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேர் கையிலும் மஞ்சள் கயிறு.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் இந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது. அனுசுயா நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் விருந்துக் கூடத்தில் தட்டு எடுக்கிறவள், காண்ட்ராக்ட் ஆள். ஒயின் பரிமாறும் பிரிவுக்கு ஆட்கள் எடுக்கிறார்கள், தேறினால் வேலை நிரந்தரம் என்றார்கள். பயிற்சி கொடுக்க வந்த நிர்மல், விருப்பப்பட்டவர்களுக்கெல்லாம் புத்தகங்களை வாரிக் கொடுத்தார். 'படிங்க. படிச்சா பயம் போயிடும்' என்றார்.

பயம் போகவில்லை. பிரமிப்புதான் வந்தது. நம் ஊரில் ஒயின் ஷாப் என்று ஒரு பெயர் உண்டு, அங்கே போகிற எவனும் ஒயின் வாங்குவதில்லை என்பது அனுசுயாவுக்கும் தெரியும். ஆனால் ஒயின் என்றால் இதுதான் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? புத்தகத்தில் ஒரு குன்றின் வரைபடம் இருந்தது. நம் தெருவைவிடப் பெரிதாக இருக்காது. அதில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப் பெயர். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் காய்க்கிற திராட்சைக்கு ஒரு வாசனையாம், அந்தப் பக்கம் காய்ப்பதற்கு வேறு வாசனையாம். கீழே மண்ணை வெட்டி அடுக்கடுக்காகக் காட்டியிருந்தார்கள். என்றைக்கோ கடலாக இருந்த இடம், சிப்பி ஓடுகள் இன்னும் உள்ளே கிடக்கின்றன என்று போட்டிருந்தது. அவளுடைய அப்பா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுக் களை பறித்தவர். அந்தக் கழனியெல்லாம் இப்போது மனைகள். ஒரு துண்டு நிலத்தின் ருசியை இத்தனை பேர் உட்கார்ந்து எழுதி வைப்பார்களா என்று நினைத்தபோது அனுசுயாவுக்கு உடம்பு சிலிர்த்தது. வில்லிவாக்கம் வந்ததுகூடத் தெரியவில்லை.

இன்னொரு புத்தகம் முழுக்க வாசனைகள். திராட்சையைத் தவிர எதையும் சேர்க்காத ஒயினில் கொய்யா மணக்கும், மிளகு மணக்கும், ரோஜா மணக்கும், வருஷம் போன சிலவற்றில் மண்ணெண்ணெய்கூட மணக்கும் என்று எழுதியிருந்தது. மிளகில் எது காரமாக மணக்கிறதோ அதுவேதான் ஒரு சிவப்பு ஒயினிலும் இருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டே இதை அவள் சொல்ல, லோகநாதன் நம்பவில்லை.

"எசென்ஸ் ஊத்துவானுங்க. எனக்குத் தெரியாதா?"

"இல்லய்யா. வெறும் திராட்ச மட்டும்தான். இத கேளு, ருசி பாக்கறவங்க வாய்ல ஊத்திகினு, கொஞ்ச நேரம் வச்சிருந்து, துப்பிடுவாங்களாம். துப்பறதுக்குன்னே பக்கெட்டு கீதாம்."

லோகநாதன் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டான். "இன்னாமே சொல்ற? துப்பிடுவாங்களா?"

"ஆமா."

"துட்டு குடுத்து வாங்கினத?"

"துட்டு குடுத்து வாங்கினதத்தான்."

"அப்ப போத?"

"போதைக்காவ அவங்க வாய்ல வெக்கறதில்ல போல கீது."

அன்று முழுவதும் லோகநாதன் அந்தப் பேச்சிலிருந்து வெளியே வரவில்லை. சாப்பிடும்போது 'துப்பிடுவாங்களாமே' என்றான். வண்டியைத் துடைக்கும்போதும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒருவன் வானத்தில் பறந்தான் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டான்.

ஒயினை வாயில் வைத்துப் பார்க்கிற முதல் வகுப்பு அடுத்த வாரம் வந்தது. மேஜையில் வெள்ளைத் துணி. அகன்ற வயிறும் குறுகிய வாயுமாகக் கண்ணாடி கிளாஸ்கள். உள்ளே கருஞ்சிவப்பாக ஒயின். பக்கத்தில் துப்புவதற்குப் பளபளவென்று ஒரு வாளி. சுழற்ற வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், ஒரு வாய் எடுக்க வேண்டும், துப்ப வேண்டும். எல்லாம் அனுசுயாவுக்கு மனப்பாடம். ஆனால் கைக்கு என்ன தெரியும்? சோற்றை மோந்து பார்த்தால் மண்டையில் குட்டு வாங்கி வளர்ந்தவள். சாமிக்கு வைக்கிற பூவைக்கூட மோந்து பார்க்காத குடும்பம். அடுத்தவர் வீட்டு டம்ளரில் உதடு பட்டால் எச்சில் என்று பழகிய வாய். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, படபடப்பில் அனுசுயா கிளாஸைத் தூக்கினாள், தலையை அண்ணாந்தாள், உதட்டில் படாமல் பானைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரே ஊற்றாக ஊற்றிக்கொண்டாள்.

அறை முழுக்கச் சிரித்தது. நிர்மல் சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல குணம். ஆனால் ஊற்றியது நேராகத் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. வாயில் மிஞ்சியது புளிப்பும் துவர்ப்பும்தான். மிளகும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சிரிப்பைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். கிளாஸைக் கீழே வைக்கும்போது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு தெரிந்தது பாருங்கள், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். "ஒரு மொடக்கு உள்ள போயிடுச்சிய்யா. இந்த வேலையே வோணாம். உனக்கு ஒரு மொடக்குன்னா எனக்கும் ஒரு மொடக்குன்னு நாளைக்கு நீ கேட்டா நா இன்னா பதில் சொல்வேன்?"

லோகநாதன் ஏரியைப் பார்த்த வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"கேக்க மாட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன் அனு. தெனமும் சாயங்காலம் ஆனா ஆசையாத்தான் கீது" என்றான். பிறகு, "எப்டி இருந்திச்சி?" என்று கேட்டான்.

"ஒண்ணுமே தெரியல. அண்ணாந்து ஊத்திகினேன்."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். "நா எப்டி குடிப்பேன் தெர்மா? மூக்க புட்ச்சிகினு. நாத்தம் தெரியக் கூடாதுன்னு ஒரே கவுப்பு. நீயும் அதத்தான் பண்ணிகீற. தொண்டைல ஊத்தினா வாசன எங்க வரும்? அது கிளாஸ்லயே நின்னுடும்." எழுந்து உள்ளே போனவன் பாதியில் நின்று திரும்பினான். "வேலைய வுடாத. வாய்ல வச்சிட்டு துப்ப முடியும்னு புத்தகத்துல போட்டுக்கீதே, எனக்கு அது முடியல. ஒரு தபா கூட முடிஞ்சதில்ல. நீ துப்பிட்டு வந்து சொல்லு. மனுசனால முடியும்னு நா தெரிஞ்சிக்கணும்."

வேலை நிரந்தரமாவது ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டில் ஒரு மனிதன் தன் பிடிமானத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். தேர்வுக்கு இருந்ததோ சில நாட்கள்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை வெளியில் இருந்து பார்த்தவர்கள் இரண்டு பேருக்கும் கழன்றுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். அனுசுயா ரசத்தை டம்ளரில் ஊற்றி மூக்கை உள்ளே நுழைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். லோகநாதன் அவள் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, எதையாவது கொண்டுவந்து மூக்கருகில் பிடிப்பான். கிராம்பு, ஊறவைத்த புளி, கொய்யாப்பழம், எலுமிச்சம் பூ, நனைந்த செங்கல். ஒருநாள் தன் பட்டறைச் சட்டையையே பிடித்தான். அவள் நிதானமாக மோந்தாள்.

"இரும்பு. வேர்வ. மண்ணெண்ணெய்ல சாமான் கழுவிக்கீற. மத்தியானம் எலுமிச்ச சாதம்."

"அடிப்பாவி!" என்று லோகநாதன் மூக்கின் மேல் விரல் வைத்தான். உண்மையில் அனுசுயாவுக்கே அதிசயமாக இருந்தது. இத்தனை வருஷம் முகத்தின் நடுவில் வைத்துக்கொண்டு சுற்றிய சாமானுக்கு இவ்வளவு தெரியுமா! இந்த வீட்டுக்குள்ளேயே இவ்வளவு இருந்ததா! துணிக்கு ஒரு வாசனை, அது காய்ந்தால் வேறு வாசனை, மழைக்கு முன்னால் ஏரிக்கு ஒன்று, மழைக்குப் பின்னால் ஒன்று. கோயிலுக்குள் நுழைந்த மாதிரி அவள் மெதுவாக நடந்தாள்.

துப்புவதற்கும் பழகினாள். கொல்லைப்புறத்தில் வாளியை வைத்து, வாய் நிறையத் தண்ணீரை வைத்திருந்து, சிந்தாமல் நேராகத் துப்ப வேண்டும். பக்கத்து வீட்டு பேபி மதில்மேல் எட்டிப் பார்த்து, "இன்னாடி, பல்லு வலியா? கிராம்பு வச்சிக்க" என்று கவலைப்பட்டாள்.

தேர்வு நாளும் வந்தது. நிர்மலோடு ஹோட்டலின் பெரிய அதிகாரி ஒருவரும் உட்கார்ந்திருந்தார். மூன்று கிளாஸ்கள். எது என்னவென்று சொல்லவில்லை. அனுசுயா முதல் கிளாஸைச் சுழற்றி, வெட்கத்தை விட்டு, மூக்கை முழுசாக உள்ளே நுழைத்தாள். கொய்யா. நேற்று வெட்டிய கொய்யாவேதான், கூடவே அறுத்த புல். உதட்டை விளிம்பில் வைத்து ஒரு வாய் எடுத்தாள், துப்பினாள். இரண்டாவதில் மிளகு. திராட்சையில் யார் கொண்டுபோய் மிளகை வைத்தார்கள்! புத்தகம் ஒரு எழுத்துகூடப் பொய் சொல்லவில்லை. ஒரு வாய் எடுத்தாள். துப்பினாள்.

மூன்றாவது பொன்னிறம். மூக்கை வைத்தாள். முதலில் எலுமிச்சம் பூ வந்தது, தேன் வந்தது. அதற்கடியிலிருந்து மெல்ல எழுந்து வந்ததை அவள் நம்பவில்லை, மறுபடி மோந்தாள். வாயில் எடுத்தாள். பாடிக்கு ஒருநாளும் போகாத, கடல் தாண்டி எங்கேயோ ஒரு குன்றில் காய்த்த திராட்சைக்குள்ளிருந்து லோகநாதனின் சட்டை வந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. விழுங்கிவிடு விழுங்கிவிடு என்று தொண்டை கெஞ்சியது. குடிக்கிறவர்களுக்குத் தினமும் இப்படித்தான் இருக்குமோ என்று அந்த ஒரு நொடியில் அவளுக்குப் புரிந்தது. குனிந்தாள். சிந்தாமல் துப்பினாள்.

"என்ன கிடைச்சுது?" என்று நிர்மல் கேட்டார்.

ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துவிட்டது. "இதுல எங்க ஊட்டுக்காரரு பட்டறை கீது சார்" என்றாள்.

பெரிய அதிகாரி நிமிர்ந்தார். நிர்மல் அமைதியாக, "அங்க என்ன வாசனை இருக்கும்?" என்றார்.

"மண்ணெண்ணெய் சார். இது பழசு. புதுசுல இந்த வாசன வராது, வருஷம் போவப் போவத்தான் வரும்னு புத்தகத்துல போட்டுக்கீது. எலுமிச்சம் பூ இன்னும் போவல. அதனால ரொம்பக் கெழமும் இல்ல."

நிர்மல் பாட்டிலை எடுத்து லேபிளை அவள் பக்கம் திருப்பினார். அதில் போட்டிருந்த வருஷம் அவள் சொன்னதையே சொன்னது. பெரிய அதிகாரி, ஒன்றாம் தேதியிலிருந்து வந்துவிடுங்கள் என்று சொன்னபோது, அந்த பாட்டிலின் கார்க்கை எடுத்துக்கொள்ளலாமா என்று அனுசுயா கேட்டாள். தாராளமாக என்றார்கள்.

ரயில் அம்பத்தூர் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கைக்குட்டையில் சுற்றி எதைக் கொண்டுபோகிறோம், யாரிடம் கொண்டுபோகிறோம்? ஆவடியில் ரயில் நின்றபோது ஜன்னல் கம்பி வழியாக எறிந்துவிடலாம் என்று கையை உயர்த்தினாள். மனசு வரவில்லை. தன்னைத்தானே திட்டிக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

திருநின்றவூர் ஸ்டேஷன் வாசலில் வெயில் தாழ்ந்திருந்தது. லோகநாதன் வண்டியோடு நின்றிருந்தான். வேலை கிடைத்ததா என்று கேட்கவில்லை.

"துப்பினியா?"

"மூணும் துப்பிட்டேன். கடைசிது மட்டும் ரொம்பக் கஷ்டமா இருந்திச்சி. ஆனா துப்பிட்டேன்."

அவன் தலையை மெல்ல ஆட்டினான். கண் அவளுடைய கைக்குட்டையில் இருந்தது. "அது இன்னா?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. பிரித்துக் காட்டினாள். "கார்க்கு. எட்டயே இருந்து பாரு, போதும்" என்றாள். அவன் கையை நீட்டினான். கொடுக்கவும் முடியாமல், கொடுக்காமல் இருக்கவும் முடியாமல் அவள் கை அப்படியே நின்றது. கடைசியில் கொடுத்தாள்.

லோகநாதன் கார்க்கை மூக்கருகில் கொண்டுபோனான். கண்ணை மூடினான். ஆட்டோக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள், இறங்கிய கூட்டம் அவர்களை இடித்துக்கொண்டு போனது, அவன் அசையவில்லை. அனுசுயா மூச்சுவிடாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூ" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அட, நம்ம பட்டறை!" என்றான். கண்ணைத் திறந்தபோது அது கலங்கியிருந்தது. "இத்தினி வருசம் குடிச்சேனே அனு. ஒரு தபா கூட உள்ள இன்னா கீதுன்னு பாக்கலியே."

கார்க்கை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவனே மடக்கிவிட்டான். வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

"ஏறு. ஊட்டுக்குப் போலாம், பசிக்குது."

அந்தக் குரலில் தாகம் ஒட்டியிருக்கிறதா என்று அனுசுயா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இல்லை. வெறும் பசிதான் இருந்தது. அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவன் சட்டையில் முகத்தைப் புதைத்து நன்றாக மூச்சை இழுத்தாள்.