ஜிமிக்கி ஆடும்போது

இருசப்பன் உப்புக் கேட்டால்கூடத் தெருவுக்கே கேட்கும். "கொஞ்சம் உப்பு வெய்யி!" என்று அவன் சொன்னால், மூன்றாவது வீட்டுக்காரி தன் உப்பு ஜாடியைத் திறந்தாலும் ஆச்சரியமில்லை. எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம், அவனைக் கட்டிக்கொண்டு செங்கம் ரோட்டுப் பக்கத்து வாடகை வீட்டுக்கு வந்த ஆதிலட்சுமிக்கு மட்டும் இது சிரிப்பாக இல்லை. அடி அண்ணாமலையில் அவள் பிறந்த வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால், ஒன்று மாடு கொல்லையில் புகுந்திருக்கும், இல்லை பெரிய சண்டை நடந்திருக்கும். ஆகவே புருஷன் எந்நேரமும் தன்மேல் கோபமாகவே இருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டாள். பாவம், வேறு எப்படி நினைப்பாள்?

கத்துவதுகூடப் போகட்டும். அவள் பேசினால் பதில் வராது. புதுப்பெண் ஆயிற்றே, தலையைக் குனிந்தபடி மெல்லிய குரலில்தான் எதையும் கேட்பாள். அவன் ஒரு பார்வை பார்ப்பான், "உம்" என்பான், கையைக் கழுவிக்கொண்டு ரைஸ் மில்லுக்குக் கிளம்பிவிடுவான். அங்கே மெஷின் ஓட்டும் டிரைவர் அவன்தான். "பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை பேசினா கொறஞ்சா பூடுவாரு?" என்று அவள் அடுப்பைப் பார்த்துக் கேட்பாள். அடுப்பும் பதில் சொல்லாது.

வைகாசியில் அண்ணன் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். "அண்ணன் வந்து சொல்லிட்டுப் போச்சுங்க. ரெண்டு பேரும் போயிட்டு வரலாமா?" என்று சோறு போடும்போது கேட்டாள். "உம்" என்றான். மறுநாளும் கேட்டாள். அதற்கும் "உம்" தான். அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். காது குத்தும் நாள் காலையில் பார்த்தால், மனுஷன் எப்போதும் போலக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டான்! போகிற போக்கில் வாசலில் நின்று, "மத்தியானம் சாப்பிட வருவேன், சோறாக்கி வெய்யி!" என்று ஒரு கத்தல் வேறு.

ஆதிலட்சுமிக்கு மனசு விட்டுப்போயிற்று. துணிமணியை எல்லாம் ஒரு பையில் அடைத்தாள். அம்மா வீட்டுக்குப் போனால் போனதுதான், இனி இங்கே திரும்பி வருவதில்லை. வீட்டுக்கு இருப்பது ஒரே சாவி. சொல்லாமல் ஓடிவிட்டாள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக, சாவியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம் என்று மில்லுக்குப் போனாள்.

அதுவரை அவள் மில்லுக்குள் வந்ததில்லை. கதவருகே வரும்போதே இரைச்சல் நெஞ்சில் இடித்தது. மேலும் கீழுமாக அகலமான பெல்ட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. தவிட்டுத் தூசியில் ஏழெட்டுப் பேர் வேலை செய்தார்கள். ஒருவர் வாயும் அசையவில்லை. எல்லாம் கைதான். ஒருத்தி விரலை மடக்கிக் காட்டினாள், அந்தக் கோடியில் ஒருவர் தலையாட்டிவிட்டு மூட்டையை நகர்த்தினார். இருசப்பன் மெஷின்மேல் உள்ளங்கையை வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, கண்ணை மூடி நின்றிருந்தான். வீட்டில் கத்துகிற ஆள்தானா இது என்று அவளுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். அந்தச் சத்தம் அவள் காதுக்கே வந்து சேரவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. வந்த நாள் முதல் அடக்கி வைத்திருந்த குரல் மொத்தமும் ஒன்றாகக் கிளம்பியது.

"ஏங்க! இந்தப் பக்கம் திரும்பித்தான் பாருங்களேன்!"

நெல் கொட்டிக்கொண்டிருந்த மணியம்மாள் என்பவள் கூடையைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். உடனே அத்தனை பேரும் தூக்கினார்கள். பக்கத்திலிருந்தவர் இருசப்பன் தோளில் ஓங்கி அறைந்தார். கண்ணைத் திறந்தவன் பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை இழுத்தான். பெல்ட்டுகள் தள்ளாடி நின்றன. மில் முழுக்க ஒரே அமைதி.

"யாரு? யாருக்குக் கை மாட்டிச்சு?" என்று ஓடி வந்தவன், கதவருகே அவளைக் கண்டதும் வெளிறிப்போனான். அவளுடைய இரண்டு கையையும் பிடித்து, விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தான். "எங்க அடி? சொல்லு, எங்க அடி?" என்று கத்தினான். தன் விரல்களை இப்படி ஒவ்வொன்றாகப் பார்க்கிற ஓர் ஆளை ஆதிலட்சுமி அன்றுவரை கண்டதில்லை.

மணியம்மாள் கையை ஆட்டி, ஒன்றுமில்லை என்று காட்டினாள். அவன் பெருமூச்சு விட்டுவிட்டு, நடுவில் நின்றுபோன மெஷினைப் பார்க்கப் போனான்.

"இன்னாம்மா இப்படிப் பண்ணிட்ட?" என்றாள் மணியம்மாள். "இங்க கத்தினா யாருக்கோ மெஷின்ல கை போச்சுன்னு அர்த்தம். வேற எதுக்கும் வாயத் தொறக்க மாட்டோம்."

"வூட்ல மட்டும் ஓயாம கத்துறாரேக்கா?"

"அது கத்துறதா? அவருக்குக் காது கம்மி. வருஷக்கணக்கா இந்தச் சத்தத்துலயே கெடக்குறாரு, தான் பேசறதே அவருக்குக் கேக்காது. சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு மறைச்சிட்டாரு. உங்கிட்ட இன்னமுமா சொல்லல?"

அந்தக் கோடியிலிருந்து இருசப்பன் மணியம்மாளைப் பார்த்து, தன் காது மடலுக்குக் கீழே ஒரு விரலை மெல்ல ஆட்டினான். புருவத்தைத் தூக்கி ஏதோ கேட்டான்.

"இன்னா சொல்றாரு?"

"நீ பயந்துட்டியான்னு கேக்கறாரு. இங்க எல்லாருக்கும் கையிலதான் பேரு. அந்தப் பேரு உன்னுது, ஜிமிக்கி. நீ குனிஞ்சுக்கினே பேசறியாம். வாயும் தெரியல, குரலும் கேக்கல. ஜிமிக்கி ஆடினா நீ பேசறேன்னு தெரிஞ்சுக்கினு 'உம்'னு சொல்லிடுவாராம். இன்னா கேட்டேன்னு தெரியாம தெனமும் இங்க வந்து பொலம்புறாரு."

ஆதிலட்சுமி தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை நாளும் அவன் பார்த்த பார்வையெல்லாம் இந்த ஜிமிக்கியைத்தானா? அடப்பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன! கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, அவன்மேல் கொள்ளை ஆசையும் வந்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவனிடம் நடந்தாள். எதிரே நின்று முகத்தை நிமிர்த்தினாள்.

"அண்ணன் பொண்ணுக்கு," என்று நிறுத்தி, காது மடலைக் குத்துவது போல விரலால் காட்டினாள். "இன்னைக்கு. நாம போகணும்."

அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மெல்ல மெல்ல முகம் தெளிந்தது.

"இன்னைக்கா?" கூரையிலிருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன. "அத்தக்காரி இல்லாம எப்பிடிக் குத்துவாங்க? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா உனக்கு?"

அதைக் கேட்டு மில்லே சிரித்தது. ஆதிலட்சுமியும் சிரித்தாள். அந்த ஊருக்கு வந்தபின் முதல் தடவையாக, தலை பின்னால் சாயும்படி சிரித்தாள். ஜிமிக்கி இரண்டும் ஆடின.

அவன் கண் உடனே அங்கே போயிற்று. பதறிக் கிட்டே வந்து குனிந்தான்.

"இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலங்க," என்றாள் அவள், அவனுக்கு நன்றாகத் தெரியும்படி முகத்தை உயர்த்தி. "சிரிச்சேன்."