உள்ளிருந்து திறக்காத கதவு

சிவக்குமார் அந்த அம்பாசிடரை லாரியில் ஏற்றி மதுரை செல்லூரிலிருந்த பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கியபோது, அது ஓடி முப்பத்தொரு வருஷமாகியிருந்தது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டிய கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டி. அப்பா நல்லகாமனுக்கு எண்பது வயது நிறைவதற்குள் அதை ஓடவைத்து, அதிலேயே அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கவில்லை.

வேலையை ஒப்புக்கொண்ட டிங்கர் சங்கிலிக்கு ஒன்று கண்ணில் பட்டது. சிவக்குமார் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தான், டிக்கியைத் திறந்தான். பின்சீட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. என்ன தம்பி என்று கேட்டதற்கு, பார்வையை எதிரே இருந்த தறிக்கூடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னான்.

"எங்க அக்கா இதுலருந்துதாண்ணே குதிச்சிருச்சு. எங்க ஊரு வைகைப் பாலத்துல. ஓடுற வண்டியில கதவத் திறந்துருச்சு."

அக்கா பெயர் அன்னக்கொடி. அப்போது பத்தொன்பது வயது. பேரையூர்ப் பக்கத்துப் பையன் காளையோடு போக வேண்டுமென்று மதுரை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தவளை, அப்பா கண்டுபிடித்து ஏற்றி வந்திருக்கிறார். காய்ச்சலுக்கு மருந்து குடித்திருந்த ஆறு வயதுச் சிவக்குமார் முன்சீட்டில் அசந்து தூங்கிப்போனான். கண் விழித்தபோது வண்டி நின்றிருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. அக்கா இல்லை. "அந்தாளு உங்க ஊர்ப் பக்கந்தான்" என்றான் தயங்கி. உங்கள் ஆட்கள் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான் என்பது சங்கிலிக்குப் புரிந்தது. பேரையூரில் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர் அவர். இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்.

மறுநாள் கதவுகளைக் கழற்றினார். கீல் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிக் கூரான ஆணியால் கீறி வைத்தார். திரும்ப மாட்டும்போது அந்தக் கீறல்தான் வழி காட்டும். முன்கதவுகள் இரண்டும் சுலபமாக வந்தன. இடது பின்கதவைத் தூக்கிச் சரித்தபோது, உள்ளே ஏதோ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சலசலவென்று ஓடியது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்த் தெருவிலிருந்த தறிகளெல்லாம் நின்றுவிட்டன. அவர் கதவை மெல்ல மறுபக்கம் சரித்தார். மறுபடியும் சலசலத்தது.

உள்பக்கத்து ரெக்சின் பலகையைப் பிரித்துக் கையை விட்டார். அடியில் படிந்திருந்த மண்ணோடு பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள் வந்தன, ஒரு கை நிறைய. ஏற்றியிருந்த ஜன்னல் கண்ணாடியை உள்ளிருந்து ஓங்கி ஓங்கி அடித்தால்தான், வளையல் உடைந்து கண்ணாடி இறங்கும் சந்து வழியாகக் கதவுக்குள் விழும். கண்ணாடியை இறக்கச் சுழற்றும் பிடி முன்பே கழற்றப்பட்டிருந்தது.

அப்புறம்தான் கம்பியைக் கவனித்தார். உள்கைப்பிடியையும் பூட்டையும் இணைக்கும் கம்பி நடுவில் அறுந்திருந்தது. துருப்பிடித்து இற்றுப்போனதல்ல. ரம்பத்தால் நேராக அறுத்து, ஆடிச் சத்தம் போடாதபடி இரண்டு முனைகளையும் தனித்தனியாகக் கதவுத் தகட்டோடு கட்டுக்கம்பியால் கட்டியிருந்தார்கள். கைப்பிடியை எம்புட்டு இழுத்தாலும் கதவு திறக்காது. வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும்.

வலது பின்கதவைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை. டீக்கடைக்குப் போய்விட்டு வந்து பிரித்தார். அதிலும் அதே வெட்டு. அதே கட்டு.

மூன்று நாள், பெரிய வீட்டுச் சமாசாரம், நமக்கெதற்கு என்று தகட்டைத் தட்டினார். சுவரில் சாய்த்து வைத்திருந்த கதவுகள் முதுகுக்குப் பின்னால் நிற்பதைப் போலவே இருந்தது, திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நான்காம் நாள் சிவக்குமாரை வரச்சொல்லி, அறுத்த கம்பியைக் காட்டினார். வளையல் துண்டுகளை டப்பா மூடியில் போட்டு நீட்டினார்.

சிவக்குமார் கைப்பிடியை இழுத்தான். விட்டான். மறுபடி இழுத்தான். "அப்ப அக்கா எப்படிண்ணே திறந்துச்சு?" என்று கேட்டான். பிறகு, கம்பியைச் சரிசெய்யாமல் அப்படியே கதவை மாட்டச் சொல்லிவிட்டுப் போனான்.

பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, கீறல் பார்த்துக் கதவுகளை மாட்டினார் சங்கிலி. இடைவெளி ஒரே சீராக வந்தது. சாத்தினால் கும்மென்று அடங்கியது. குறையோடு ஒரு கதவை மாட்டியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஒரு வியாழக்கிழமை காலையில் சிவக்குமார் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தவன், அங்கிருந்து செல்லூருக்கு ஆட்டோவில் அழைத்து வந்தான். வண்டியைப் பார்த்ததும் நல்லகாமன் வாசலிலேயே நின்றுவிட்டார். யாரைக் கேட்டு எடுத்தாய் என்று மட்டும் கேட்டார். பிறகு, முன்கதவை நோக்கி நடந்தவரை மறித்து, சிவக்குமார் பின்கதவைத் திறந்துபிடித்தான். கிழவர் மகன் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். கதவு சாத்தப்பட்டது.

உள்ளே புதுப் பெயிண்ட் நெடி இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணாடியில் தட்டினார்.

"இறங்கி வாங்கப்பா" என்றான் சிவக்குமார்.

அவர் கை மடியிலேயே இருந்தது. கைப்பிடி முழங்கையை ஒட்டி இருந்தும் அதைத் தொடவில்லை. "திறந்து விடுடா" என்றார்.

"கைப்பிடி பக்கத்துலதான இருக்கு. நீங்களே திறங்க."

"அது திறக்காதுல்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் அமுங்கித்தான் வந்தது. ஆனாலும் சங்கிலிக்குத் தெளிவாகக் கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது கிழவருக்கு உறைத்தது. மகனைப் பார்க்காமல் முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவக்குமார் கதவைத் திறந்தான். அவர் இறங்கவில்லை.

"பாலத்துல வண்டிய நிப்பாட்டுனேன்" என்றார். "நாந்தான் கதவத் திறந்தேன். இழுத்துப் பாலத்துக்கு வெளிய விட்டேன். ஆத்துல தண்ணி போச்சு."

சிவக்குமார் அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் உட்காரவைத்தான். பிறகு சங்கிலியிடம் வந்து, பின்கதவு இரண்டையும் கழற்றித் தரச் சொன்னான். சங்கிலி கழற்றினார். அன்று மத்தியானமே கதவுகளும் வளையல் துண்டுகளும் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயின. வீட்டில் உறவுக்காரர்கள் கூடிச் சிவக்குமாரை ஏசினார்கள். அவன் மதுரையில் தனியாக ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். அறுத்த வெட்டைப் பற்றிச் சங்கிலி போலீசுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பேரையூர் பஸ்ஸில் ஏறினார். யாரும் அனுப்பவில்லை. விசாரித்து விசாரித்துப் போனபோது, காளை ரோட்டோரம் மக்காச்சோளத்தைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தார்கள். அன்னக்கொடி என்ற பெயரைக் கேட்டதும் கையிலிருந்த, சோளம் தள்ளும் பலகையைக் கீழே போட்டார்.

அன்றைக்குத் தாம் வந்த பஸ் வழியில் நின்றுபோனதால் முக்கால் மணி நேரம் பிந்திவிட்டதாகச் சொன்னார். தன்னைக் காணோமென்று வெறுத்துத்தான் அவள் குதித்தாள் என்று ஊரே சொன்னது. அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

சங்கிலி எல்லாவற்றையும் சொன்னார். வளையலையும் மறைக்கவில்லை.

"அப்ப அவ குதிக்கலையா?"

"குதிக்கலண்ணே. கண்ணாடியப் போட்டு அடிச்சிருக்கு. வெளிய வரத்தான் பாத்திருக்கு."

காளை ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு சோளத்தின் ஓரமாக ஒதுங்கிப் போனது. "எம்புட்டு நேரம் அடிச்சிருப்பா?" என்று கேட்டார்.

மதுரையிலிருந்து சோழவந்தான் பாலம் வரைக்கும் எவ்வளவு தூரம் என்று சங்கிலிக்குத் தெரியும். காளைக்குப் பக்கத்தில் தாமும் உட்கார்ந்துகொண்டார்.