வெளியூர் டூட்டிக்கு அடுத்த பேர்

1

இந்தக் கதை எங்கள் சங்கச் செயலாளர் கேட்டு எழுதுவது. "நம்ம பட்டியல் விஷயத்த நீ எழுதணும்ப்பா. நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். என் கதையை நாலு பேர்தான் படிப்பார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

'பம்பு ரிப்பேர் கம்பெனியின் மேல் நீதிச் சூரியன் உதித்த அந்தத் திங்கட்கிழமை...'

(வேண்டாம். அன்று மழை.)

2

மாதம் ஒருவர், முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நீரேற்று நிலையத்தில் போய்க் கிடக்க வேண்டும். யார் போவது என்று மேனேஜர் முடிவுசெய்த வரை அநியாயம் நடந்தது. போராடி அந்த உரிமையைச் சங்கம் வாங்கியது. அதன்பின் அநியாயத்தை நாங்களே செய்துகொண்டோம்.

செயலாளர் பட்டியல் போட்டார்: குறைவாகப் போனவர் முதலில், சமமென்றால் குலுக்கல். ஒட்டிய மறுநாளே பதினொரு பேருக்கு முதுகுவலி. பதினொரு சான்றிதழிலும் ஒரே டாக்டர். செயலாளர் கொதித்துப்போய்த் தீர்மானம் கொண்டுவந்தார்: இனி எந்தச் சாக்கும் செல்லாது. எல்லோரும் கை தூக்கினோம்.*

* ஸ்டோர் கீப்பரான நானும்தான். எனக்கு மேலே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு மாதம் என்பது அப்போது இரண்டு யுகமாகத் தெரிந்தது.

3

முதல் பேர் ஃபிட்டர். அவர் மனைவிக்கு நிறைமாதம்.

"அண்ணே, இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா. அடுத்து ரெண்டு மாசம் சேர்த்துப் போறேண்ணே."

"புரியுதுப்பா. ஆனா தீர்மானம் போட்டுட்டோமே. நீயும்தானே கை தூக்கின?"

(இங்கே தன் குரல் தழுதழுத்ததாக எழுதச் சொன்னார் செயலாளர். தழுதழுக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். 'நான் போறேன்' என்று சொல்ல வாயைத் திறந்து, கொட்டாவி விட்டேன்.)

ஃபிட்டர் போனார். ஒன்பதாம் நாள் பெண் குழந்தை. போனில் காட்டினார்கள். சிக்னல் போய், பாதி முகத்தோடு படம் நின்றுவிட்டது.

4

அடுத்த பேர் செயலாளர். உடனே அவருக்கு மனிதாபிமானம் பொங்கிவிட்டது. ஃபிட்டர் திரும்பிய வாரமே பொதுக்குழுவில் திருத்தம்: குடும்பத்தில் அவசரமென்றால் விலக்கு உண்டு. அவர் மாமியாருக்குக் கண் ஆபரேஷனாம்.

'ஃபிட்டர் எழுந்தார். ஹாலே நடுங்கியது. பாய்ந்து செயலாளரின் சட்டையை...'

இந்த வரியை அடித்துவிட்டேன். திருத்தத்துக்கு முதலில் கை தூக்கியவரே ஃபிட்டர்தான்.

"என்னப்பா, அவரைத் தப்பிக்க விடுறியா?" என்று கிசுகிசுத்தேன்.

"அவருக்காக இல்லண்ணே. இனி வர்றவனாவது பொண்டாட்டி பக்கத்துல இருக்கட்டும்."

திருத்தம் நிறைவேறியது. கைதட்டலைச் செயலாளர் வாங்கிக்கொண்டார்.

5

முடிவு உங்கள் கையில். செயலாளர் மனம் திருந்திப் பெட்டியோடு கிளம்புவதாக நீங்கள் முடித்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபமில்லை. சொல்லப்போனால், கெஞ்சிக் கேட்கிறேன். ஏனென்றால் அவருக்கு அடுத்த பேர் என்னுடையது. காலையிலிருந்து சொந்தபந்தம் ஒருவர் விடாமல் போன் போட்டு விசாரித்துவிட்டேன். எல்லோரும் நன்றாக இருக்கிறார்களாம்.